கரையின் இந்தப் பக்கம்

நேற்று இது இங்கே இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். நேற்றும் சாப்பிட்டு எழுந்ததும் இதே இடத்துக்குத்தான் வந்தேன், ஒன்றுக்குப் போக. வீட்டில் கக்கூஸ் இருக்கிறது, டைல்ஸ் எல்லாம் ஒட்டி. அங்கே போனால் சுவரைப் பார்த்து நிற்பதோடு சரி, வருவதில்லை. இங்கே டேமின் கரைக்குக் கீழே, காற்றில், புல்லைப் பார்த்து நின்றால் கொஞ்சம் மனசு வைத்து இறங்குகிறது. வயசானால் எல்லாவற்றையும் தாஜா பண்ணவேண்டியிருக்கிறது. முடித்துவிட்டு வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பும்போது பார்த்தேன். கரையின் சரிவில், குழாய் வாய்க்கு மேலே ஒரு பக்கமாக, மண் கறுத்திருந்தது. ஒரு சாக்கை விரித்துப் போட்ட அகலம். முதலில் என் வேலையோ என்றுதான் சந்தேகம். ஆனால் நான் நின்ற இடம் வேறு, அதுவும் கீழே. இடுப்பு உயரத்தில் போய் நனைக்க நான் என்ன இளவட்டமா. குனிந்து தொட்டேன். ஈரம். மேலோட்டமான ஈரம் இல்லை, விரலை அழுத்தினால் உள்ளே போகிறது. மோந்து பார்த்தேன். மண் வாசனை மட்டும்தான். எருமை நின்றிருக்குமோ. எருமை இந்தச் சரிவில் ஏறாது. மழையா. மழை விட்டு நாளாகிறது, கரை முழுக்க வெளுத்துக் காய்ந்து கிடக்கிறது, புல் காலைக் குத்துகிறது. பனி என்றால் எல்லா இடத்திலும் அல்லவா இறங்கவேண்டும், இந்த ஒரு சாக்கு அகலத்தில் மட்டும் இறங்க அதற்கு என்ன வேண்டுதல். மிச்சம் இருப்பது ஒன்றுதான். அந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது. நடுவில் மண். அந்தப் பக்கத்துத் தண்ணீர் மண்ணுக்குள் நுழைந்து இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறது. சரி, பார்த்தால் என்ன. எந்தக் கரையில்தான் கசிவு இல்லை. கசிந்தால் கசியட்டும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். படுக்கப் போகவில்லை. ஒரு கல் கிடந்தது, அதில் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குக் கண்மாய் தெரியாது, கரை தெரியாது. பஸ் தெரியும். ஆயுசு முழுக்க அரசாங்க பஸ் ஓட்டினேன், பாதி நாள் மலைப்பாதையில். இந்த ஊரில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை, என்னைக் கட்டிய ஒச்சம்மாளையும் சேர்த்து. டைவர்தான். டைவர் வீடு, டைவர் மாமா, டைவர் பொண்டாட்டி. காலையில் டிப்போவில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் குனிந்து அடியில் பார்ப்பேன். தரையில் என்ன சொட்டியிருக்கிறது. கறுப்பாகச் சொட்டியிருந்தால் ஒன்று, பச்சையாகச் சொட்டியிருந்தால் ஒன்று, தண்ணீர் என்றால் ரேடியேட்டர். ரேடியேட்டர் ஒழுகினால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவன் வந்து தலையைச் சொறிவதற்குள் வண்டி லேட்டாகிவிடும். ஒரு கை மஞ்சள்பொடியை உள்ளே போட்டால் அது போய் ஓட்டையில் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். மலையை ஏறி இறங்கிவிடலாம். கண்டக்டர் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் இருக்கும். பஸ்ஸில் ஒழுக்கு என்றால் எங்கிருந்து என்று தேடிப் பிடித்துவிடலாம், குழாயைத் தடவிக்கொண்டே போனால் கை நனையும் இடம் வந்துவிடும். இங்கே எதைத் தடவுவது. உள்ளே என்ன இருக்கிறது. மண்தான், மண்ணைத் தவிர ஒன்றுமில்லை என்று சொன்னார்கள், லாரி லாரியாகக் கொட்டி ரோலர் விட்டு மிதித்த மண். அதற்குள் தண்ணீர் எப்படி நடக்கும். நேராக வருமா, வளைந்து வருமா. எலி வளை ஏதாவது இருந்து அதற்குள் புகுந்திருக்குமா. ரோலர் உருட்டும்போது வேர் ஒன்று கிடந்து மக்கிப்போய் அந்த இடம் பொந்தாகி இருக்குமா. இல்லை, குழாயை ஒட்டியே வருகிறதா. குழாய் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரை கரையின் அடியில் படுத்திருக்கிறது, சிமெண்டுக் குழாய், ஆள் தவழ்ந்து போகலாம். அதன் முதுகோடு ஊர்ந்து வரலாம். இருட்டுக்குள் கையை நீட்டிச் சுவரைத் தடவி வருகிற ஆள் மாதிரி. எங்கே இளக்கம் என்று பார்த்துப் பார்த்து. எத்தனை நாளாக நடக்கிறது அது. நாங்கள் கரைமேல் கெடா வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே கிளம்பியிருக்கும்.

இந்த டேமின் வேலையே காலியாகக் கிடப்பதுதான். சொன்னால் யாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். மேலே மலையில் கொட்டுகிற மழை ஊமையன் ஓடையில் மொத்தமாக இறங்கி ஊரை அடித்துப்போன பிறகு, அரசாங்கம் ஓடைக்குக் குறுக்கே இந்த மண்கரையைப் போட்டது. அடியில் அந்தக் குழாய். குழாய்க்கு ஷட்டர் கிடையாது, கதவு கிடையாது, எப்போதும் திறந்த வாய். ரொம்ப மீறினால் மேலே வழிந்தோட ஓரத்தில் ஒரு கலிங்கு. வெள்ளம் வந்தால் கரையில் முட்டி நிற்கும், குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும், ஒரு நாள் ரெண்டு நாளில் மறுபடி காலி. அடுத்த மழைக்கு இடம் தயார். திறப்பு விழா அன்று ஒரு பொம்பளை இன்ஜினியர், வெயிலில் முகம் சிவந்துபோய், மைக்கைப் பிடித்து இதைத்தான் சொன்னது. “இதில் தண்ணீர் தேங்கக் கூடாது. இது காலியாக இருந்தால்தான் நீங்கள் பத்திரமாக இருப்பீர்கள்.” என் மச்சினன் சீலமுத்து கூட்டத்திலிருந்தே கேட்டான்: “காலியா இருக்கவாம்மா இம்புட்டு மண்ணக் கொட்டுனீக? ஏற்கெனவே காலியாத்தான இருந்துச்சு?” ஊரே சிரித்தது. அந்தப் பொண்ணும் சிரித்துவிட்டது, பாவம். ஊருக்குக் கரை என்றால் கண்மாய். கண்மாய் என்றால் மடையை அடைப்பது. ஐப்பசியில் தண்ணீர் வரும்போது எவனாவது மடையைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பானா. வருஷா வருஷம் மழைக்குத் தண்ணீர் கரை வரைக்கும் வரும், ஊரே மேலே ஏறி நின்று பார்க்கும், பார்க்கப் பார்க்கக் குழாய் வழியாக ஓடித் தொலையும். கிணறெல்லாம் வாயைப் பிளந்து கிடக்கும். எத்தனை வருஷம் பொறுப்பார்கள். இந்த வருஷம் முதல் மழைக்கே சீலமுத்து ஒரு வேப்பமரத்தை வெட்டினான். கட்டையைப் பென்சில் மாதிரி சீவி, சாக்கைச் சுற்றி, இந்தப் பக்கத்துக் குழாய் வாயில் வைத்து, நாலு பேர் சம்மட்டியால் மாற்றி மாற்றி இறக்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் ஊர் சத்தம் போட்டது. நானும் போட்டேன். பிறகு மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தண்ணீர் நின்றது. பெருகியது. கிணறுகளில் ஊறியது. கரைமேல் கருப்பசாமிக்குக் கெடா வெட்டி, என் இலையில் ஈரல் வைத்தார்கள். ஈரல் நன்றாக இருந்தது. இதில் எதையும் இப்போது வேண்டாம் என்று சொல்ல நான் யார்.

அதுவும் நான் சொன்னால் யார் கேட்பான். இந்த ஊரில் வெள்ளத்தைப் பார்க்காத ஒரே பெரிய ஆள் நான். அன்றைக்கு மலைமேல் வண்டியோடு நின்றேன். வழியில் மண் சரிந்து கிடந்தது, பஸ்ஸில் ஆட்கள், கோழிக்கூடை வைத்திருந்த ஒருவன் கோழிக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். இங்கே பட்டப்பகலில் ஊர் போய்க்கொண்டிருந்தபோது நான் அங்கே கோழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாதை திறந்து வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. ஓடைக்கரைத் தெரு சேறாகக் கிடந்தது. என் மாமியாரைக் காணோம். சீலமுத்து அவன் அம்மா கையைப் பிடித்திருந்தான், கை மட்டும் வழுக்கியது என்றான். அதற்கப்புறம் யாரையும் விடாமல் கேட்டிருக்கிறேன். எப்படி வந்தது. எவ்வளவு உயரம். சத்தம் எப்படி. ஒருவன் ஜல்லி லாரி கவிழ்க்கிற மாதிரி என்றான். இன்னொருவன் டாக்கீஸ் விட்ட கூட்டம் மாதிரி என்றான். ஒச்சம்மாளிடம் சாப்பிடும்போது கேட்டேன். “சத்தமெல்லாம் வரல. நாயெல்லாம் பள்ளிக்கூட மேட்டுக்கு ஏறுச்சு. எதுக்குப் போகுதுன்னு நானும் பின்னால போனேன்” என்றாள். அப்புறம்? “அப்புறம் என்னா அப்புறம். பேசாமத் தின்னுங்க.” அவள் கண்ணை மூடுகிற வரைக்கும் அதற்கு மேல் சொல்லவில்லை. நாய்க்கு எப்படித் தெரிந்தது. வாசனையா. தரை அதிர்ந்ததா. என்ன பார்த்து மேலே போனது. இன்றைக்கும் எனக்கு அது பிடிபடவில்லை. ஊரில் தண்ணீரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நான் வாயைத் திறப்பதற்குள் யாராவது சொல்லிவிடுவான்: “டைவர் கோழிக்குத் தண்ணி ஊத்துன ஆளப்பா.” சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் சீலமுத்து. அம்மாவைத் தண்ணீரில் விட்டவன், அவன் எப்படிக் கட்டையைச் சீவினான். இதையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். பார்த்தவனுக்குப் பயம் தீர்ந்துவிடுமோ. பார்க்காத எனக்குத்தான் இன்னும் பாக்கி இருக்கிறதோ. இல்லை, வெள்ளம் ஒரு தடவை வந்தது, காய்ந்த கிணறு தினமும் காலையில் அவன் முகத்தில் முழிக்கிறது. தினமும் பார்க்கிறதுக்குத்தானே ஆள் வேலை செய்வான்.

கரைமேல் வண்டிச் சத்தம். டிவிஎஸ். சுதாகர், சீலமுத்துவின் மகன், பின்னால் சொட்டுநீர்க் குழாயைச் சுருட்டி பாம்பு மாதிரி கட்டிக்கொண்டு. நிறுத்தி, மேலே இருந்து குனிந்து, “மாமா, இங்கிட்டு என்ன பண்றீங்க? சாப்ட்டீங்களா? பவித்ரா மீன்கொழம்பு வச்சிருக்கு, சாயங்காலம் வந்துருங்க” என்றான். “சரி” என்றேன். “கலிங்கு வழிய இன்னும் ஒரு சாண்தான் மாமா. மேல பாருங்க, மலையில இருட்டிருச்சு. இன்னிக்குப் பேஞ்சா கலிங்கு பாஞ்சிரும்.” பயலுக்கு முகமெல்லாம் பல். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், கல்யாணம் பண்ணியும் அங்கேதான். கிணற்றில் தண்ணீர் ஏறியது என்று அப்பன் போனில் படம் அனுப்பினான், கட்டிக்கொண்ட பவித்ராவையும் தட்டுமுட்டையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். இப்போது ரெண்டு ஏக்கரில் தக்காளி. அவளுக்கு நிறைமாசம் நெருங்கிவிட்டது. இந்தத் தண்ணீர் இருந்தால் அவன் இருப்பான். போனால் அவனும் போவான், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு, சீலமுத்து வருஷத்துக்கு ஒரு தடவை பொங்கலுக்குப் பேரனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஃபோட்டோ எடுத்துக்கொள்வான். அதே சமயம் அவர்கள் வீடு எங்கே இருக்கிறது. அதோ. நான் உட்கார்ந்த கல்லிலிருந்து தெரிகிறது, ஓடைக்கரைத் தெருவில் கடைசி வீடு, ஊதா பெயிண்ட். அதற்கு முந்தினது என் வீடு. இந்தக் கரைக்கு ஏதாவது ஆனால் முதலில் அது. பவித்ரா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கிறாள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. சுதாகரிடம் சொல்லியிருக்கலாம். “டேய், இங்கே ஈரம் தெரியுது பார்.” வாய் வரவில்லை. சொன்னால் என்ன சொல்வேன். ஈரம். அவ்வளவுதானே. வெறும் ஈரத்துக்கு ஒருத்தன் வாழ்க்கையைத் திறந்துவிடச் சொல்ல முடியுமா. வண்டி போய்விட்டது.

மறுபடி எழுந்து போனேன். ஈரம் பெரிசாகியிருக்கிறதா. முதலில் பார்க்கும்போது இந்தப் புல்லுக்கு அந்தப் பக்கம் நின்றது போல ஞாபகம். இப்போது புல்லைத் தாண்டிவிட்டது. இல்லை, நிழல். தலையை நகர்த்திப் பார்த்தேன். நிழல் இல்லை. ஒரு குச்சியை எடுத்து ஓரத்தில் குத்தினேன், இதைத் தாண்டுதா பார்ப்போம். குச்சி நிற்கவில்லை, சாய்ந்தது, மண் அவ்வளவு குழைந்திருந்தது. ஈரத்தின் கீழ் விளிம்பில் விரலால் ஒரு குழி பறித்தேன், கையகலம். தண்ணீர் வருமா என்று பார்க்கத்தான். வந்தது. அடியிலிருந்து மெல்ல ஊறி, குழி நிறைந்து, விளிம்பில் தயங்கி, ஒரு இழையாகக் கீழே இறங்கியது. தெளிவான தண்ணீர். என் விரல் தெரிகிறது. குழியின் நடுவில் ஒரு இடத்தில் பொடிமணல் துள்ளிக்கொண்டிருந்தது. எழும்பும், விழும், எழும்பும். அரிசி கொதிக்கிற மாதிரி, ஆனால் சத்தமே இல்லாமல். சுற்றி ஒரு குட்டி மேடு கட்டியது, எறும்புப் புற்று மாதிரி, நடுவில் வாய். நான் அதைக் கலைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கட்டியது. மறுபடி கலைத்தேன். மறுபடி கட்டியது. முழங்கால் வலித்தது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. இவ்வளவு அழகாக இருக்கிறதே. யார் உள்ளே உட்கார்ந்து ஊதுகிறான். இந்த மணல் எங்கே இருந்த மணல். இங்கே மேலே கிடந்ததுதான் ஆடுகிறதா, இல்லை உள்ளேயிருந்து தூக்கிக்கொண்டு வருகிறதா. மேலே கிடந்தது என்றால் ஒன்றுமில்லை, ஊற்று. உள்ளேயிருந்து என்றால்? உள்ளே அந்த இடத்தில் இப்போது என்ன இருக்கும். ஒன்றும் இருக்காது. மணல் இருந்த இடத்தில் ஓட்டை இருக்கும். ஓட்டைக்குத் தண்ணீர் வரும். தண்ணீர் இன்னும் மணலைத் தூக்கும். தண்ணீரை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருக்கிறது. என் கண் புரை விழுந்த கண். ஒரு கண்ணில் எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. எந்தக் கண்ணை நம்புவது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், பிறகு மற்றதை.

மலையில் இடித்தது. தூரத்து இடி, யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி. நிமிர்ந்து பார்த்தபோது மலையின் பாதி இல்லை. மழை அங்கே இறங்கிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓடை வழியாக அந்தப் பக்கம் சேரும், தண்ணீர் ஏறும், கலிங்கு பாயும், ஊர் குலவை போடும். அந்தப் பாரம் அத்தனையும் இந்தக் கையகலக் குழியில் வந்து நிற்கும். இந்த இடம் வாயைத் திறந்தால் எப்படி இருக்கும். முதலில் இழை. இழை கயிறாகும். பிறகு சரிவு பொக்கென்று உள்வாங்கும். பிறகு. சத்தம் வருமா. ஜல்லி லாரியா, டாக்கீஸா, எது சரி. நாய்கள் முன்னாலேயே போகுமா. நான் இங்கே உட்கார்ந்திருந்தால் முதல் ஆளாகப் பார்க்கலாம். சே. என்ன புத்தி. அங்கே ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கிழவனுக்கு வேடிக்கை பார்க்க ஆசை. ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் இருந்தது. உள்ளே எங்கேயோ, இந்தப் பொடிமணல் மாதிரி, எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கரையை விட என்மேல் பயம் வந்தது. எழுந்தேன். யாரையாவது கூப்பிடவேண்டும். யாரை. கூப்பிட்டுப் பழக்கமில்லை. ஹாரன்தான் அடித்துப் பழக்கம்.

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. சீலமுத்துவே வந்தான், கரைமேல், குடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கலிங்கைப் பார்க்கப் போகிறவன். என்னைப் பார்த்து இறங்கினான். “என்னா மச்சான், மதியத்துல இருந்து இங்கனயே உக்காந்துருக்கீகளாம். மகன் சொன்னான். ஒண்ணுக்கு வரலையா, தண்ணி கிண்ணி தெளிச்சு விடவா?” “வாய மூடிட்டு இங்க வா மாப்ள.” “ஏன், வந்துருச்சா?” “வந்துருச்சு. எனக்கு இல்ல. உன் டேமுக்கு.” குழியைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்தான். “ஊத்து மச்சான் இது. பூமி குளுந்துருச்சு, ஊத்துக்கண்ணு தெறந்துக்கிச்சு. இதுக்கா இம்புட்டு நேரம் தவம்?” “கரைக்குள்ள எப்படிடா ஊத்து வரும். கொட்டுன மண்ணு.” “கொட்டுன மண்ணா இருந்தா என்ன, தண்ணிக்கு அட்ரஸ் கேக்கத் தெரியுமா? அப்படி ஒழுகுதுன்னா உங்க மஞ்சப்பொடிய ஒரு கை போட்டு விடுங்க, அடச்சிக்கிரும்.” “மாப்ள, கட்டைய எடுத்துரு.” சிரிப்பு நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தான். “என்னா சொன்னீக?” “கட்டைய எடுத்துரு. தண்ணி போகட்டும். மல பேயுது.” “எடுத்துட்டா? தக்காளிக்கு உங்க தலையில இருந்து ஊத்துவீகளா?” “எடுத்துரு.” “மச்சான், ஒங்களுக்கு வெள்ளம்னா என்னான்னு தெரியாது. நான் பாத்தவன். அது இப்படி ஊசியில நூல் கோத்த மாதிரி வராது. வர்றப்ப ஒங்கள உக்கார வச்சுச் சொல்லிட்டு வராது.” “சரி, நான் பாக்கல. அதனாலதான் கேக்குறேன். இந்த மணலு எங்க இருந்து வருது? நீ பாத்தவன்தான, சொல்லு.” எனக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மடக்குவதற்காகக் கேட்கவில்லை. அது அவனுக்கும் புரிந்தது போல.

“மணலும் இல்ல ஒண்ணும் இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு தண்ணி” என்றான். என்னைத் தோற்கடிப்பதென்றே குடையைக் கீழே வைத்து, மண்டியிட்டு, நான் கலைக்கக் கலைக்க மறுபடி எழுந்த அந்தக் குட்டி மேட்டின் வாயருகே உள்ளங்கையைக் குவித்து வைத்தான். நிறையக் காத்திருந்தான். தூக்கி எனக்குக் காட்டினான், பாத்துக்கங்க என்பது போல. குடித்தான். “ஐஸ் மாதிரி இருக்கு மச்சான், மினரல் வாட்டரு தோத்துரும்...” பாதியில் நின்றான். வாய் மூடிக்கொண்டது. தாடை ஒரு தடவை அசைந்தது, மெல்ல. இன்னொரு தடவை. பல்லோடு பல் உரசுகிற சத்தம் எனக்கே கேட்டது. நற. சோற்றில் கல் கடித்தவன் முகம். என்னைப் பார்க்கவில்லை. குழியைப் பார்த்தான். இடது கையை மட்டும் விரித்து விரித்து மூடிக்கொண்டிருந்தான், எதையோ பிடித்திருந்து விட்ட மாதிரி, அவனுக்கே தெரியாமல். துப்பினான். புறங்கையில் விழுந்த எச்சிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். சிவப்பு மண். இந்தச் சரிவில் மேலே கிடப்பது வெள்ளை மண்தான், நிறத்தை அப்போதுதான் நானும் கவனித்தேன். சிவப்பு மண் கரையின் நடுவயிற்றில் போட்டது, லாரியில் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்து. அங்கிருந்து கிளம்பி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது. எந்த வழியாக வந்தது என்பதுதான் தெரியவில்லை.

சீலமுத்து எழுந்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். “சுதாகரு. எங்க இருக்க? சரி, அதப் போட்டுட்டு வா. ஒங்கம்மாவையும் பவித்ராவையும் பள்ளிக்கூட மேட்டுல கொண்டுபோய் விடு. தெருவுல எல்லாத்தையும் ஏறச் சொல்லு. ஆமா, இப்பத்தான். ஒண்ணும் எடுக்க வேணாம், ஆளு மட்டும். விட்டுட்டு டிராக்டர எடுத்துட்டு இங்க வா, தேர்வடக் கயிறு கோயில்ல கெடக்கு பாரு, அதையும். கட்டைய இழுக்கணும்.” அந்தப் பக்கம் பையன் ஏதோ கேட்டான், நீளமாக, குரல் உயர்ந்தது எனக்கே கேட்டது. சீலமுத்து போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டு முடித்தான். “வாடா” என்றான். வைத்துவிட்டான். மணல் மூட்டைகளை ரெண்டு பேரும் இழுத்துப் போட்டோம். என்னால் ஒரு மூட்டைக்கு மேல் முடியவில்லை. மிச்சத்தை அவன் தனியாகவே இழுத்தான், வெறி பிடித்த மாதிரி, ஊர் சத்தம் போட அடுக்கியவற்றையெல்லாம். வேப்பங்கட்டையின் தலை தெரிந்தது, சம்மட்டி பட்டு நார்நாராகச் சிதைந்து, ஓரமெல்லாம் தண்ணீர் பீய்ச்சியது. கயிறு மாட்ட ஒரு கவட்டை இருந்தது. தண்ணீர் பாய்கிற நேரில் நிற்காமல் ஒதுங்கி, என் கல்லுக்கு வந்தோம். அவனுக்கு மூச்சு வாங்கியது. கல்லில் பாதியை விட்டு நகர்ந்துகொண்டேன். உட்கார்ந்தான். தெருவில் ஆட்கள் மேட்டுக்கு ஏறுவது தெரிந்தது. ஊதா வீட்டிலிருந்து பவித்ரா வந்தாள், மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று. “அவன் திருப்பூருக்கே போயிருவான்ல மச்சான்” என்றான் சீலமுத்து. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வராது. “போவான்” என்றேன். பிறகு, “போறதுக்கு ஆளு இருப்பான்” என்றேன். அவன் நாக்கால் பல்லிடுக்கைத் துழாவித் துழாவித் துப்பிக்கொண்டிருந்தான். தெருமுனையில் டிராக்டர் உறுமியது.